இட்லிப்பூவுக்கு நானும் நந்தியாவட்டைக்கு டீச்சரும்

பிலோமினா டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் அவருடைய இட்லிப்பூச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் முனுசாமி கேட்டைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "மாமி, டீச்சர் பொண்ணு போன் பண்ணிச்சு. ஆஸ்பத்திரில டீச்சர் தவறிட்டாங்களாம்" என்றார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை முழுக்க ஊற்றிவிட்டுத்தான் மாடி ஏறினேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் டீச்சர் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர் தரைத்தளம், நான் அவர் தலைக்கு நேர்மேலே முதல் மாடி. அவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள். அவர் ஞாயிறு தவறாமல் சாந்தோம் சர்ச்சுக்குப் பூசைக்குப் போவார். நான் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போவேன். மற்ற நாட்களில் இருவரும் தவறாமல் சண்டை போட்டோம்.

சண்டை கேட்டை ஒட்டிய ஒரு துண்டு மண்ணைப் பற்றியது. அங்கே நின்ற நெட்டிலிங்க மரம் புயலில் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் நந்தியாவட்டை என்றேன். அதே நேரத்தில் டீச்சர் இட்லிப்பூ என்றார். "உங்க நந்தியாவட்டை வெள்ளைப் புடவை கட்டின ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி, மாமி. சிரிக்கவே சிரிக்காது" என்றார். "உங்களோடது மட்டும் என்னவாம்? கல்யாணப் பந்தல்ல தொங்கற சீரியல் பல்புதானே?" என்றேன் நான். செயலாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, எது தேறுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்வது, தீர்ப்பை நாங்கள் இருவருமே சேர்ந்து சொல்வது என்று முடிவானது. அதைவிட மோசமான யோசனையை யாரும் சொல்லியிருக்க முடியாது.

செடிகள் நட்ட அன்றைக்கே டீச்சர் ஒரு விதி போட்டார். "சொந்தப் பிள்ளையோட பரீட்சைப் பேப்பரை அம்மா திருத்தக் கூடாது. உங்க செடியை நான் பார்த்துக்கிறேன், என் செடியை நீங்க பாருங்க. பட்டுப்போச்சுன்னா யார் மேல பழின்னு ஊருக்கே தெரியும்." எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் காலையில்தான் புரிந்தது, அவருடைய செடிக்காக நான் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று.

விதியை அவர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நந்தியாவட்டை பூக்க ஆரம்பித்ததும், நம் செடிதானே என்று பூஜைக்கு நாலு பூ பறிக்கப் போனேன். ஜன்னலில் இருந்து குரல் வந்தது. "கையை எடுங்க மாமி! பரீட்சை நடந்துக்கிட்டிருக்கு." என் செடியில் பூ குலுங்க, நான் மயிலாப்பூர்க் குளத்தங்கரைக்குப் போய்ப் பூ வாங்கி வந்தேன். அந்த வெள்ளிக்கிழமை வாசல் மணி அடித்தது. ஒரு கிண்ணம் நிறைய நந்தியாவட்டையோடு டீச்சர் நின்றார், வெறுங்காலோடு. "சாமிக்குப் போற பூவை செருப்போட பறிக்கக் கூடாதாமே" என்றார். நான் அப்படிச் சொன்னதே இல்லை. நானே செருப்போடுதான் பறிப்பேன். ஆனால் அதைச் சொல்லாமல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்தக் கிண்ணம் வராமல் இருந்ததில்லை.

வாக்கிங் போகிறவர்கள் பையோடு வந்து காம்பவுண்டுக்குமேல் கையை நீட்டிப் பூப் பறிப்பது மயிலாப்பூர்ப் பக்கத்தில் சாதாரணம். டீச்சரின் காவலில் அது நடக்கவில்லை. ஒரு நாள் விபூதி துலங்க ஒரு பெரியவர் என் நந்தியாவட்டைக் கிளையை வளைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் கையில் குடையோடு வெளியே வந்தார். "சாமிக்குத்தாம்மா" என்றார் பெரியவர். "அப்படின்னா சாமியையே வந்து கேட்கச் சொல்லுங்க. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார் டீச்சர். பெரியவர் அதன்பிறகு எதிர்ப்பக்கத்து நடைபாதையில்தான் நடந்தார். முனுசாமி இதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னா தில்லு கீது பாருங்க மாமி நம்ம டீச்சருக்கு!"

என் பொறுப்பில் இருந்த இட்லிப்பூவோ என்னைப் படாதபாடு படுத்தியது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. இலையெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. நந்தியாவட்டைக்கு எந்தத் தண்ணீரும் ஆகும், அரை நிழலும் போதும். அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. இட்லிப்பூவுக்கு நல்ல வெயில் வேண்டும், மண்ணில் புளிப்பு வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. டீச்சருக்குத் தெரியும், ஆனால் சொல்ல விதி இடம் கொடுக்கவில்லை. அதனால் அவர் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முனுசாமியிடம் உரக்கப் பேசினார். "முனுசாமி, புளிச்ச மோரைத் தண்ணியா கரைச்சு ஊத்தினா சில செடிக்கு இலை பச்சை பிடிக்குமாமே?" முனுசாமி, "எனக்கு இன்னாத்துக்கு டீச்சர் சொல்றீங்கோ?" என்று விழித்தார். நான் மாடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டு மோரெல்லாம் செடிக்குத்தான் போனது. மோர்க்குழம்பைக் கண்ணால் பார்க்காத என் கணவர், "அந்தச் செடியையே ஆத்துக்குள்ள கொண்டுவந்து வெச்சுக்கோயேன்" என்றார்.

இலை பச்சை பிடித்தது. பூ வந்தது பாருங்கள், செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாக, ஒரு கொத்து வாரக்கணக்கில் நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நந்தியாவட்டை இன்று பூத்து நாளை வாடுகிற பூ. நான் அதை நட்டவள்தான், ஆனாலும் சொல்கிறேன்: அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதை டீச்சரிடம் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் காப்பியோடு உட்கார்ந்து தீர்ப்பைப் பற்றிப் பேசுவோம். "ஒரு கத்திரி வெயில் பார்த்துடலாம்" என்பேன் நான். "ஒரு ஐப்பசி மழையும் பார்த்துடலாம்" என்பார் அவர். வெயில் போனது, மழை போனது, செயலாளர்கள் மாறினார்கள். தீர்ப்பு மட்டும் வரவில்லை. கடைசியில் புதுச் செயலாளர், காருக்காக கேட்டை அகலப்படுத்தப் போகிறோம், ஒரு செடிக்குத்தான் இடம், அடுத்த கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்றார். அந்த வாரம்தான் டீச்சருக்கு மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், ஆனால் அந்த நர்ஸுக்கு டீச்சரைத் தெரியாது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்க இட்லிப்பூ நன்னா இருக்கு, கவலைப்படாதீங்கோ" என்றேன். குழாயோடு முறைத்தார். "அதை யார் கேட்டா? நந்தியாவட்டைக்கு யார் தண்ணி ஊத்துறது?" முனுசாமி என்றேன். "அவன் ஹோஸைப் பிடிச்சா வேர்ல மண்ணே நிக்காது. நீங்களே ஊத்துங்க மாமி. நான் பர்மிஷன் தர்றேன்." என் செடிக்கு நான் தண்ணீர் ஊற்ற எனக்கு அனுமதி கிடைத்தது. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று ஆட்டோக்காரருக்கு விளக்கிச் சொல்லவும் வழியில்லை.

அடக்கத்தன்று செடியில் இருந்த நந்தியாவட்டை முழுவதையும் பறித்து, பெட்டியில் அவர் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெங்களூரில் இருந்து வந்திருந்த அவர் மகள் ரீட்டா, அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆண்ட்டி, அம்மா போன் பண்ணினா பாதி நேரம் 'என் நந்தியாவட்டை, என் நந்தியாவட்டை'தான். அது நீங்க வெச்ச செடின்னே இங்க வந்துதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

போன வாரம் கூட்டம் நடந்தது. "டீச்சர் நினைவா இட்லிப்பூவையே வெச்சுக்கலாம். மாமியும் மறுக்க மாட்டாங்க" என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "நந்தியாவட்டைதான் இருக்கணும்" என்றேன். செயலாளர் அப்படியே எழுதிக்கொண்டார். டீச்சர் கண்ணை மூடியதும் மாமி தன் செடியைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று படிக்கட்டில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. பேசியவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இட்லிப்பூவை வேரோடு எடுத்து, பெரிய சிமெண்ட் தொட்டியில் வைத்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். என் கணவரும் முனுசாமியும் மூச்சுத் திணறத் தூக்கினார்கள். அங்கே நல்ல வெயில். டீச்சரை நினைத்துக்கொள்ள நான் வைத்திருப்பது அதுதான். அது அவர் நட்ட செடி. கேட்டருகே நிற்பது அவர் வளர்த்த செடி. தீர்ப்பு சொன்னவள் நான், என்னுடையது என்று கைகாட்ட எனக்கு ஒரு செடியும் மிஞ்சவில்லை. இரண்டையும் டீச்சரே ஜெயித்துக்கொண்டு போய்விட்டார். அவர் உயிரோடு இருந்திருந்தால் இதை நான் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டேன்.