சோனகத் தெருவில் நான் நட்ட தென்னைகள்

எங்கள் ஊரின் வரைபடத்திலிருந்து ஒரு தெருவை நான் நீக்கினேன். வீடுகளும் பள்ளிவாசலும் இருந்த இடத்தில் தென்னந்தோப்பு ஒன்றை வரைந்து வைத்தேன். மறதியால் அல்ல, தெரிந்தே செய்தேன்.

பாரிஸில் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர் அழிந்துபோனால் ஊர்ச்சங்கம் தொடங்குவோம். சங்கம் தொடங்கினால் மலர் வெளியிடுவோம். மலரில் ஊரின் வரலாறு இருக்கும். நடுப்பக்கத்தில் நினைவிலிருந்து வரைந்த ஊர்ப்படம் இருக்கும். தங்கள் வீடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பலர் அதை வாங்குவார்கள். நான் அந்த ஊர்ப் பாடசாலையில் அதிபராக இருந்தவன். ஆகவே வரலாறும் படமும் என் பொறுப்பாயின.

எங்கள் ஊர் தமிழ்ப் பக்கத்தின் கடைசி ஊர். குளக்கட்டைத் தாண்டினால் சிங்களக் கிராமங்கள். சந்தை நாளில் அங்கிருந்து மரக்கறி வரும். இங்கிருந்து கருவாடும் புகையிலையும் போகும். இரண்டு மொழியிலும் பேரம் பேசத் தெரியாத கடைக்காரர் எங்களிடம் இருக்கவில்லை. போர் வந்ததும் ஊரே முன்னரங்கமானது. சில காலம் ஒரு தரப்பின் கையில், சில காலம் மற்றத் தரப்பின் கையில். எங்கள் வகுப்பறை வாங்குப் பலகைகள் இரண்டு தரப்பின் பதுங்குகுழிகளுக்கும் கூரையாகின. ஓடுகள் போயின, கதவு நிலைகள் போயின, பிறகு சுவர்களும் போயின. ஆளில்லாத ஊரில் கண்ணிவெடிகள் மட்டும் மிஞ்சின. இதையெல்லாம் மனமுருக எழுதினேன்.

எழுதாமல் விட்டது சந்தைக்கும் குளத்துக்கும் நடுவில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவை. மற்ற எல்லாத் தெருக்களுக்கும் முன்பே வெறுமையானது அதுதான். அதை ஷெல் அழிக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்த நம்மவர்கள் ஒரு காலையில் வந்து, பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த மக்கள் உடுத்த துணியோடு போனார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மலர் வேலை நடந்தபோது, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மேசையில் சங்கச் செயலாளரிடம் படத்தைக் காட்டினேன். அவர் அந்தத் தெருவின் மேல் விரலை வைத்தார்.

"அண்ணை, இதைப் போட்டா ஏன் போனவை எண்டும் எழுத வேண்டி வரும். வெளியீட்டு விழாவிலை அடிபாடு வரும். விடுங்கோவன்."

"அப்ப அந்த இடத்திலை என்னத்தைப் போடுறது?"

"மரம் கிரம் ஏதாவது கீறி விடுங்கோ."

கீறினேன். ஓலைகளைக்கூட ஒவ்வொன்றாகக் கீறினேன்.

மலர் பலசரக்குக் கடைகளில் அடுக்கப்பட்டது. யாரோ இணையத்திலும் ஏற்றினார்கள். சில வருடங்களின் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே கடையில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முக்காடு போட்ட பெண் ஒருத்தி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"சேர், என்னைத் தெரியுதோ?"

தெரிந்தது. என்னிடம் படித்தவள். என்னோடு கணிதம் படிப்பித்த ஆசிரியரின் மகள். பெருநாளுக்கு அவர்கள் வீட்டு வட்டிலப்பம் எங்கள் வீட்டுக்கு வராத வருடம் இல்லை. இப்போது லா கூர்னெவில் வசிக்கிறாள், முதியோர் இல்லமொன்றில் வேலை. கைப்பேசியை எடுத்து என் படத்தைக் காட்டினாள்.

"எங்கட வீட்டிலை தென்னை வைச்சிருக்கிறியள். நல்லாக் காய்க்குதோ, சேர்?"

அவள் குரலை உயர்த்தாமலே மிச்சத்தைச் சொன்னாள். கண்ணிவெடி அகற்றி முடிந்ததும் அவளுடைய வாப்பா, அந்தக் கணித ஆசிரியர், அகதியாகத் தங்கியிருந்த புத்தளத்திலிருந்து ஊருக்குப் போயிருக்கிறார். காணி உறுதிப் பத்திரங்கள் எப்போதோ எரிந்துவிட்டன. காடு மூடிய இடத்தைக் காட்டி, இதுதான் எங்கள் தெரு என்று சொல்லியிருக்கிறார். மீளக் குடியேற வந்த சிலர் என் படத்தை அதிகாரியிடம் நீட்டியிருக்கிறார்கள். பாருங்கள், ஊர் அதிபரே கீறியது, இதில் அப்படியொரு தெரு இல்லை.

"வாப்பாக்கு இனிப் பெரிசா ஆசை ஒண்டுமில்லை. அந்தக் காணியிலை ஒரு கொட்டில் போட்டு அங்கையே கண்ணை மூடி மௌத்தாக வேணுமாம். அதைத்தான் நீங்கள் மறிச்சுப்போட்டியள்."

மன்னிப்புக் கேட்டேன். "அது கிடக்கட்டும், முதல்லை படத்தைத் திருத்துங்கோ" என்றாள்.

ஞாயிறுகளில் அதே மேசையில் திருத்தினோம். தெருவின் வாய் எனக்கு நினைவிருந்தது; உள்ளே யார் வீடு எது என்று தெரியவில்லை. ஊரில் இருந்த அத்தனை வருடமும் அவள் வீட்டுக்கு மட்டும்தான் போயிருக்கிறேன். அவளுக்கும் தெரியாத இடங்களில் வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஆர் பிள்ளை கீறுறது?"

"எங்கட அதிபர் சேர், வாப்பா."

"பள்ளிவாசல் கிணறு கிழக்காலை. அவர் பிழையாக் கீறுவார், பாத்துக்கொள்" என்றார். என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

புதிய படத்தையும், அந்த மக்கள் எப்படி வெளியேற்றப்பட்டார்கள் என்ற குறிப்பையும் அச்சிடச் சங்கம் மறுத்தது. "ஊரே இல்லை, இனி என்னத்துக்கு அண்ணை?" என்றார் செயலாளர். நானே அச்சிட்டேன். லா சப்பலில் ரூ பஜோல் பக்கத்துக் கடைகளிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் இருந்த மலர்களைத் தேடிப்போய் அவற்றில் புதிய படத்தை ஒட்டினேன். போரில் இரண்டு மகன்களைக் கொடுத்த ஒருவர் என் கண்முன்னே அதைக் கிழித்தார்.

"சேர், எங்கட பிள்ளையள் செத்தது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

தெரியும் என்றேன். அந்தப் பிள்ளைகளுக்கும் நான்தான் எழுத்தறிவித்தேன்.

சட்டத்தரணி முன் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசியோடு படத்தை ஊர் அதிகாரிக்கு அனுப்பினேன். பதில் வரப் பலகாலம் பிடித்தது. பள்ளிவாசல் காணியை ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியரின் காணியில் அதற்குள் நம்மவர் ஒருவர் கல்வீடு கட்டி முடித்திருந்தார். அவரை அங்கிருந்து எழுப்ப முடியாது என்றார்கள். அவரும் போரில் எல்லாம் இழந்து வந்தவர். என் படத்தை நம்பி அத்திவாரம் வெட்டியவர்.

சென்ற குளிர்காலத்தில் லா சப்பல் மெட்ரோ படிகளில் அவளைக் கண்டேன். வாப்பா போய்விட்டார் என்றாள். புத்தளத்தில், வாடகை வீட்டில். அங்கேயே அடக்கம் செய்தார்களாம்.

கேட்டிருக்கக்கூடாது, கேட்டேன்.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ, பிள்ளை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"இல்லை சேர். ஒண்டும் சொல்லேல்லை."

ரயில் வரும் சத்தம் கேட்டது. வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.