கடைசி வரியில் போட்ட குறி

என் குறிப்பேட்டில் 2003 ஜூன் 12-இன் கீழ் இப்படி இருக்கிறது: “வேங்கிக்கால், நண்பர் வீடு. மாலை 4.10. லினக்ஸ் மெஷின். மூன்று முறை முயன்றேன். டிஸ்பிளே கார்டு கோளாறு.” கடைசி வாக்கியம் தவறு.

நண்பர் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுப்பவர். ப்ரூஃப் பார்ப்பது நான். “ஒரு கமா விட்டுப்போனா இவருக்குச் சோறு இறங்காது” என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சிரிப்பார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று மனைவியிடம், “உனக்குன்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல படம் வந்தா அதுவும் வரும்” என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வரவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த மெஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்கும். அது அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. “அதுக்கப்புறம் ஏதோ தட்டுவாருண்ணே, படம் வரும்” என்றார். ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உடனே மெஷின் ஒரு சிறு கோப்பைப் படித்து, அதிலுள்ள வரிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டும்.

மனைவிக்கு அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தை முதலில் கறுப்புத் திரையிலேயே திறந்து பார்த்தேன். அங்கே தமிழ் எழுத்துரு கிடையாது. வரி வரியாகக் கேள்விக்குறிகளும் கோடுகளும்தான். படத்திரை வந்தால்தான் படிக்க முடியும்.

தட்டுவதற்கு முன் அந்தச் சிறு கோப்பையும் திறந்தேன். நான்கு வரிகள். பின்னணி நிறம், கடிகாரம், மஞ்சள் ஜன்னலில் கடிதம், கடைசியில் ஜன்னல்களை நிர்வகிக்கும் நிரல். முதல் மூன்று வரிகளின் முடிவிலும் ‘&’ குறி இருந்தது. நான்காவதில் இல்லை. உடம்பு முடியாத நேரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். நானே போட்டுச் சேமித்தேன்.

திரை சாம்பலாகி, மூலையில் கடிகாரம் வந்தது. மஞ்சளாக ஒரு சதுரம் விரிந்தது. எல்லாம் அணைந்து மறுபடி கறுப்பு. இன்னும் இரண்டு முறையும் அப்படியே.

“விடுங்கண்ணே” என்றார். “மெஷினுக்கும் அவரு போனது தெரிஞ்சிருக்கு.”

ஆகஸ்டில் இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்தக் குறி, ‘இது பின்னால் ஓடட்டும், நீ அடுத்த வரிக்குப் போ’ என்பதற்கு. கடைசி வரியில் அது இருக்கக் கூடாது. அந்த வரி முடியாமல் நிற்கும் வரைதான் படத்திரை நிற்கும். அடுத்து ஓட்ட ஒன்றும் இல்லையென்றால் மொத்தமும் மூடிவிடும். நண்பர் எதையும் விட்டுவிடவில்லை.

அன்றே சைக்கிளில் போனேன். முந்தைய வாரம் நண்பரின் தம்பி மெஷினை ஆரணிக்கு எடுத்துப்போய், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டிருந்தார்.

நண்பரின் மனைவியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“ஒரு குறிதானாண்ணே?”

“ஒண்ணுதாம்மா.”

“அவரு சொல்லுவாரே, உங்களுக்குச் சோறு இறங்காதுன்னு.” சிரிக்க முயன்றார், முடியவில்லை. பிறகு, “நான் பாத்தேன். மேல என் பேரு இருந்துச்சு” என்றார்.

நான் பார்த்தது மஞ்சள் நிறம் மட்டுமே. அந்த இரண்டொரு நொடியில் அதில் எழுத்து வந்திருந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.