பாய் மாமா இழுத்துப் பார்த்த சிவப்புப் பிடி

பிள்ளைகளே, நீங்கள் பாய் மாமா என்று கூப்பிடுகிறவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு செக்கிங்கில் இருக்கிறார். கையில் எது கிடைத்தாலும் இழுத்துப் பார்ப்பார். ஷூ வார், ஜிப், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சட்டைப் பட்டனைக்கூட விடமாட்டார். தையல் நிற்குமா என்று பார்க்க அவர் கை தானாகப் போகும்.

அந்தக் கை விமானத்திலும் சும்மா இருக்கவில்லை.

கம்பெனி வேலையாக நாங்கள் இருவரும் முதல்முறை வெளிநாடு போனோம். கீழே கடல். திடீரென்று இடப்பக்கம் டமார்! கொஞ்ச நேரத்தில் வலப்பக்க இஞ்சினும் நின்றது. அவ்வளவு பெரிய விமானம் சத்தமே இல்லாமல் இறங்குகிறது! கடலில்தான் இறக்கப்போகிறோம், மிதவைச் சட்டையைப் போடுங்கள், வெளியே போன பிறகுதான் சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

புஸ்ஸ்! பாய் மாமா பூரி மாதிரி உப்பிவிட்டார்.

“இன்னா பாய், இதையுமா இழுத்துப் பாத்த?”

“நான் எங்கடா இழுத்தேன் தோஸ்த், கைதான் இழுத்துச்சு!”

விமானப் பணிப்பெண் தன் சீட்டிலிருந்து கத்தினார். “காத்தை எறக்குங்க! உள்ள தண்ணி வந்தா இது உங்கள கூரை வரைக்கும் தூக்கிடும், கதவுக்கு வர முடியாது. ஊதுற குழாய் நுனியை அழுத்துங்க!”

மாமாவுக்கு நீச்சல் தெரியாது. குழாய் நுனியில் விரலை வைத்து அழுத்தினேன். காற்று மெதுவாகப் போனது. ஜன்னலில் அலை தெரிந்தது. மாமாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நசுக்கினேன். கடைசிக் காற்றும் போக, இருவரும் தலையைக் குனிந்தோம்.

தண்ணீர் பாறை மாதிரி மோதியது! மேலே இருந்த பைகள் கொட்டின. முழங்கால் வரை தண்ணீர். மாமாவை இழுத்துக்கொண்டு அவசரக் கதவு வழியாக இறக்கை மேல் வந்தேன். என் பிடியை இழுத்தேன், உப்பியது. பிடி ஒருமுறைதான் வேலை செய்யும், மாமாவுடையதை இனி வாயால் ஊதினால்தான் உண்டு. அவர் ஊதினார், நான் ஊதினேன், மறுபடி அவர். காலடியில் இறக்கை அமிழ்ந்துகொண்டே போனது.

“போதுமா பாய்?”

“கம்மியா கீதுடா, ஊது!”

ஊதிக்கொண்டிருக்கும்போதே அலை எங்களைத் தூக்கியது. மாமா ஒருமுறை முங்கினார். அப்புறம் தலை தெரிந்தது. மிதந்தார்!

விமானம் விழுந்ததைப் பார்த்து வந்த மீன்பிடிப் படகில் ஏற்றியபோது எங்களுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. மாமா தன் மிதவைச் சட்டையின் வாரைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தார்.

“தையல் பாஸ் ஆயிடுச்சுடா!” என்றார்.