பசையக்கா வீட்டுக் கலர் ஜன்னல்

பைண்டிங் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. மிச்சமிருக்கும் எல்லோருக்கும் அவள் பசையக்கா. முப்பது வருஷமாக மைதா காய்ச்சுகிறாள். கட்டி தட்டாமல் கிளறி, இறக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். அந்த நீலப் பொடி விஷம். அது சேர்ந்த பசையைத்தான் கரப்பான் தொடாது. யாராவது அதைப் போட மறந்துவிட்டால் பட்டறையே அதிரும்படி கத்துவாள். "புஸ்தகம் தைக்கிறியா, பூச்சிக்கு விருந்து வைக்கிறியா?" என்பாள். அப்பேர்ப்பட்டவள், தன் வீட்டில் செய்த வேலை இது.

மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகி, பெண்ணின் அம்மா வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. குறை சொல்ல ஒன்றுமில்லை, கூடத்து ஜன்னலைத் தவிர. ஆள் எட்டாத உயரத்தில், திறக்கவே முடியாதபடி பதித்த கண்ணாடி. அதன் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் கக்கூஸ் குழாய்கள் மூன்றும் பளிச்சென்று தெரியும். விருந்தாளியை எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் முதலில் வரவேற்பது அந்தக் குழாய்கள்தான்.

"துணியப் போட்டு மூடிடும்மா" என்றான் மகன். மூடினால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். அதுவும் பார்க்கிறவர் கண்ணுக்கு வறுமைதான்.

பட்டறையில் மிஞ்சிய கறுப்பு அட்டையை எடுத்து வந்தாள். அதில் ஒரு பெரிய பூவும் இலைகளும் வரைந்து, கோடுகளை மட்டும் விரல் அகலத்துக்கு விட்டுவிட்டு, நடுவில் இருந்ததையெல்லாம் கத்தியால் வெட்டி எடுத்தாள். ஓட்டைகளுக்குப் பின்னால் மெல்லிய வண்ணத் தாள்களை ஒட்டி, காய்ந்ததும் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தடவினாள். தாள் வெளிச்சத்தை உள்ளே விட்டது. மேஜைமேல் ஸ்டூலை ஏற்றி, ஜன்னலோடு ஒட்டி முடித்து இறங்கிப் பார்த்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. குழாய்கள் போன இடம் தெரியவில்லை. தரையில் மஞ்சளும் சிவப்பும் விழுந்து கிடந்தன.

ஒன்றே ஒன்றுதான். மயில்துத்தம் போட்டால் பசையில் பச்சை ஏறும், மஞ்சள் பூ அழுக்காகத் தெரியும். வந்து பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் நின்றால் போதும் என்று அதைப் போடாமல் விட்டுவிட்டாள்.

சம்பந்தியம்மா உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, கலர் கண்ணாடியா? சொல்லிச் செய்ய வச்சீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "ஆமாங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. மகன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் புகுந்துகொண்டாள்.

கல்யாணம் முடிந்து மருமகள் வந்தாள். நல்ல பெண், கை மட்டும் கொஞ்சம் படபடப்பு. முதல் வாரமே ஒரு கண்ணாடி டம்ளரையும் ஒரு பீங்கான் தட்டையும் ஒரு வழி பண்ணினாள். ஒட்டடைக் குச்சியோடு அவள் ஜன்னல் பக்கம் போனாலே பசையக்காவுக்கு உயிர் போய் உயிர் வரும். "அதுல கை வைக்காதம்மா, நான் பார்த்துக்கறேன்" என்பாள். அந்தப் பெண் முகம் சுருங்கிப் போவதைப் பார்ப்பாள். 'நீ உடைத்துவிடுவாய்' என்று சொல்லாமல் சொல்கிறோம் என்பதும் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடப் போட வெட்கம் வளர்ந்துகொண்டே போனது.

மூன்றாவது மாதம் கரப்பான் வேலையைக் காட்டியது. ஒரு காலையில் மஞ்சள் பூவில் ஓர் இதழைக் காணவில்லை. அந்த ஓட்டை வழியாகக் குழாய் எட்டிப் பார்த்தது. அன்றைக்கென்று பார்த்துச் சம்பந்தியம்மா வந்து நின்றார்.

"என்னங்க, கண்ணாடி உடைஞ்சிடுச்சா?"

பசையக்கா வாயைத் திறப்பதற்குள், டீ கொண்டுவந்த மருமகள் சொன்னாள்: "நான்தாம்மா. துடைக்கலாம்னு ஏறினேன். கை பட்டு உடைஞ்சிடுச்சு."

"உன் கையில எதுதான் முழுசா இருந்திருக்கு?" என்று பிடித்துக்கொண்டார் அம்மா. "அவங்க ஆசையா செய்ய வச்சதும்மா அது! உன்னை வளர்த்ததுக்கு நான்தான் தலை குனியணும். மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா."

பசையக்கா சொன்னாள்: "பரவாயில்லைங்க. சின்னப் பொண்ணுதானே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கொடுத்தாயிற்று, அதுவும் பெரிய மனுஷி போல. மருமகள் தட்டைப் பார்த்தபடி நின்றாள். சம்பந்தியம்மா அரை மணி நேரம் இருந்து, மகளுக்கு இன்னும் இரண்டு புத்தி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்தியதும், "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் பசையக்கா.

"வந்த மறுநாளே அத்தை. நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப ஈரத்துணி வச்சேன், ஓரம் பிசிறிக்கிட்டு வந்துச்சு. பயந்து இறங்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"சரி, இன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"என் கை ஆகாதுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்ச கதைதான், திட்டிட்டு மறந்துடுவாங்க. நீங்க பொய் சொன்னது தெரிஞ்சா, இந்த வீட்டுல இன்னும் எதெல்லாம் பொய்யோன்னு யோசிச்சிக்கிட்டே இருப்பாங்க அத்தை."

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் சம்பந்தியம்மா பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் நாலு பேர்.

"என்ன இப்படி ஓடி வர்றீங்க? எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்லைங்க. அது கண்ணாடி இல்லைங்க, காகிதம். நானே வெட்டி ஒட்டினது. கரப்பான் தின்னுடுச்சு. உங்க பொண்ணு எதையும் உடைக்கல."

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாவுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீங்களே செஞ்சதா? அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருப்பேனே!" என்றவர், சட்டென்று நிறுத்தினார். "அப்ப நான் அவளை அந்தத் திட்டு திட்டினப்ப, நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேங்க" என்றாள் பசையக்கா. "இருந்துக்கிட்டுத்தான், பரவாயில்லை, சின்னப் பொண்ணுன்னு சொன்னேன்."