போகியத்துக்கு ஒரு குதிரை

தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றின்மேல் ஒருவர் எவ்வளவு பிரியம் வைக்கலாம்? அம்புஜவல்லி இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் நின்று வேலை செய்த ஜெயஸ்ரீக்குத்தான் அது ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட். இருவருக்கும் ஃபியூஸ் கட்டைகளை வெள்ளைக் கிளேஸ் பூச்சுக் குழம்பில் முக்கி எடுத்து அடுக்கும் வேலை. புருஷன் காலமாகி, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு அம்புஜவல்லி பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு மாறினாள். இரண்டுமே போகிய வீடுகள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம்; காலி செய்யும்போது அதே தொகை திரும்பி வரும். வீடு மாறியதில் மிஞ்சியதை வேப்பூர் திருமாலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர் அவர். அவரிடமிருந்து சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றைப் போகியத்துக்குப் பிடித்துவந்தாள்.

யூனிட்டே சிரித்தது.

“யக்கா, வூட்ட போகியத்துக்கு எடுத்தா குடியிருக்கலாம். குதிரய எடுத்து என்னா பண்ணுவ?” என்றாள் ஜெயஸ்ரீ.

“பாத்துக்கிட்டு இருப்பேன்.”

“பாக்கறதுக்கு ஒரு குதிரயா?”

“நீ டிவி பாக்கல?”

“டிவி புல்லு திங்காதுக்கா.”

வேலை முடிந்ததும் குதிரையை மணிமுத்தாற்றுக்கு ஓட்டிப்போவாள். தண்ணீரில்லாத மாதங்களில் ஆறு வெறும் மணல். முழங்கைவரை கிளேஸ் காய்ந்து வெளுத்திருக்கும் அவள் கையைக் குதிரை மோந்து பார்த்துத் தும்மும். ஒருநாள் ஜெயஸ்ரீயும் கூடப் போனாள். வெயில் இறங்கியிருந்தது. அம்புஜவல்லி கரைக்கல்லில் ஏறி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறவளைப்போலக் குதிரைமேல் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். குதிரை தன் இஷ்டத்துக்கு நடந்தது. தூரம் போகப்போகக் கால்கள் மறைந்தன, பிறகு குதிரையும் மங்கியது. மணலுக்குச் சற்று மேலே ஒரு பெண் மட்டும் தானாக நகர்ந்துகொண்டிருந்தாள். அழகு என்று சொல்ல ஜெயஸ்ரீக்கு வாய் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்றாள்.

முகூர்த்த நாட்களில் திருமால் வந்து குதிரையை ஓட்டிப்போவார். அதுவும் பேச்சில் சேர்ந்ததுதான். மறுநாள் பிடரியில் சாமந்தி இதழ் ஒட்டியபடி குதிரை திரும்பி வரும்வரை அம்புஜவல்லிக்குச் சோறு இறங்காது.

மூன்று வருஷக் கெடு முடிகிற சமயத்தில் திருமால் முழங்கால் தேய்ந்துபோய்த் தொழிலை மூடினார். மற்ற குதிரைகளை விற்றாயிற்று.

“பணத்தத் திருப்பற நெலமையில நான் இல்லம்மா. குதிர உங்களுதாவே இருக்கட்டும்” என்றார். “புதுக் கயிறு ஒண்ணு வாங்கி வையுங்க. நாளான்னிக்கு வந்து பழச அவுத்துக்கிட்டுப் போயிடறேன்.”

விற்கிறவர் தன் கயிற்றை விட்டுக்கொடுப்பதில்லை. வாங்குகிறவர் தன் கையால் புதுக் கயிறு கட்டினால்தான் கைமாறியதாக அர்த்தம்.

ஜெயஸ்ரீதான் கடைத்தெருவில் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்து வாங்கினாள். “இனிமே எவன் வந்து ஓட்டிக்கிட்டுப் போவான்? ஒங்குதிரக்கா!” அம்புஜவல்லி கயிற்றை முகர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சொன்னபடி திருமால் வந்தார். பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். கட்டில்லாத குதிரை அசையவில்லை. அம்புஜவல்லி அதன் கழுத்தில் ஒரு கையை வைத்தபடி, மற்றொரு கையால் புதுக் கயிற்றை அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே கட்டுங்கண்ணே.”

“நான் கட்டினா எங்குதிரயா ஆயிடும்மா.”

“ஆமாண்ணே. போகியம் இன்னும் மூணு வருசம் ஓடட்டும். பாத்துக்கிட்டு இருக்க அது போதும்.”

“பைத்தியமாக்கா ஒனக்கு?” ஜெயஸ்ரீ கத்தினாள். “நாளைக்கே இவரு பணத்தோட வந்து நின்னா குதிர போயிடும்!”

திருமால் பழைய கயிற்றைக் கீழே வைத்துவிட்டுப் புதியதை வாங்கினார். அப்புறம் கட்டினார்.

ஏன் என்று ஜெயஸ்ரீ இன்றைக்கும் கேட்கிறாள். “கட்டை காயுது, எடுத்து அடுக்குடீ” என்பாள் அம்புஜவல்லி.