நடக்க ஒரு கை, குதிக்க ஒரு கை

இனிமேல் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போவதற்காகத்தான் கிரேன்காரர் அன்று டயாலிசிஸ் அறைக்கு வந்தார். மகளிடம் அதைப் போன வாரமே சொல்லியாயிற்று. அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். அழுகிறாளா, இல்லையா என்று தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை. அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டு, ஒவ்வொரு கைக்கும் ஒரு லீவர், காலுக்குக் கீழே அந்தரத்தில் ஆடும் சரக்குப் பெட்டி. கீழே நிற்பவர்களை அங்கிருந்து என்ன திட்டினாலும் அவர்கள் காதில் விழாது. அந்தச் சுகத்தில்தான் வாய் நீண்டுவிட்டது என்று மனைவி இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு தரைக்கு இறங்கினார். இப்போது திட்டினால் எல்லாருக்கும் கேட்கிறது.

குடிக்கிற தண்ணீருக்கு அளவு. தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுச் சப்பிக்கொள்ளலாம். சாப்பாட்டில் உப்பு கிடையாது. வாரத்துக்கு மூன்று தடவை இடது கையில் இரண்டு ஊசியோடு, அந்தக் கையை அசைக்காமல், அரை நாள் கிடக்க வேண்டும். எத்தனையோ டன்னைத் தூக்கிய கை ஒரு கொசுவைக்கூட அடிக்கக் கூடாது. போதும் என்று தோன்றிவிட்டது.

பக்கத்துக் கட்டில் தையல் டீச்சருடையது. அவருக்கு இடது கைப் பழக்கம். கத்தரிக்கோலே தனியாகச் சொல்லி வாங்குவாராம். அதனால் அவருக்கு வலது கையில் ஊசி. இருவருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. டீச்சர் ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னால் இவர் திறக்கச் சொல்வார்.

டெக்னீஷியன் பெண் தன் வீட்டிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து சுவர் டிவியில் மாட்டியிருந்தாள். பழைய வீடியோ கேம் பெட்டியைப் போலவே வேலை செய்யும் எமுலேட்டர் ஒன்று அதற்குள் ஓடியது. வயர் வைத்த கண்ட்ரோலர் அந்த அறைக்கு ஆகாது. யாராவது தடுக்கி விழுந்தால் வயரோடு ஊசியும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் புளூடூத்தில் சேருகிற கண்ட்ரோலர் இரண்டு. ஆனால் கண்ட்ரோலர் இரண்டு கை உள்ளவர்களுக்காகச் செய்த சாமான்: இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் குதிக்க. அந்தப் பெண் எமுலேட்டரின் செட்டிங்குக்குள் புகுந்து, இரண்டு கண்ட்ரோலரையும் திரையில் ஓடுகிற ஒரே ஆளுக்குக் கட்டிவிட்டாள். தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு ஓடும் குள்ளன் அவன். அவனை நடத்துவது டீச்சரின் இடது கை. குதிக்க வைப்பது கிரேன்காரரின் வலது கை.

சங்கிலியில் தொங்கும் பலகை ஒன்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஏணிக்காரன் மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தான்.

"யாரு உங்களை நடக்கச் சொன்னது? பலகை வரட்டும்னு சொன்னேனா இல்லையா?"

"நீங்க குதிக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்."

"இனிமேதான் ஆகணுமா? ஊசலாடற சரக்கு நிதானிக்கற வரைக்கும் கைய வைக்கக் கூடாது டீச்சர். அவசரப்பட்டா கீழ நிக்கறவன் செத்தான்."

"இங்க கீழ ஆளு யாரும் இல்ல. முதலைதான் இருக்கு."

அன்று ஊசி ஏறி, மெஷின் ஓடத் தொடங்கியதும் டெக்னீஷியன் கண்ட்ரோலர்களைக் கொடுத்தாள். கிரேன்காரர் தன் முடிவை ஆட்டம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாங்கிக்கொண்டார். அவருடையது உடனே பெட்டியோடு சேர்ந்தது. டீச்சருடையது சேரவில்லை. அதன் விளக்கு கொஞ்சம் மின்னிவிட்டு அசையாமல் எரிந்தது. ஆனால் திரையில் ஏணிக்காரன் மரம் மாதிரி நின்றான்.

டெக்னீஷியன் பெட்டியின் பட்டியலிலிருந்து பழைய இணைப்பை அழித்தாள். திரும்பத் தேடவிட்டாள். பெட்டி தேடிக்கொண்டே இருந்தது.

"அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு," என்றார் கிரேன்காரர். "ஒரு சாமான் ஒழுங்கா இருக்கா இங்க? மெஷினு கத்துது, கட்டிலு ஆடுது, இது ஒண்ணு பாக்கி."

"கத்தாதீங்க ஐயா, பிரஷர் ஏறுது பாருங்க."

"ஏறட்டும்."

அவள் டீச்சரின் கண்ட்ரோலரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "விளக்கு நிலையா எரியுதுன்னா இது எதோடயோ சேர்ந்துதான் இருக்கு. யாரோ போன்ல சேர்த்து வச்சிருக்காங்க. ரூம்ல இதைச் சேர்த்தது யாரு?"

மற்றக் கட்டில்காரர்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். டீச்சர் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிற வாய் மூடிக் கிடந்தது. கிரேன்காரருக்குச் சுள்ளென்று உறைத்தது.

"டீச்சர். உங்க போன் எங்க?"

"பையில."

"பையில இருக்கறது தெரியுது. அதுல என்ன இருக்கு?"

டீச்சர் பெருமூச்சு விட்டார். "போன தடவை இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், இன்னிக்கு வந்ததும் திருப்பி வச்சுட்டேன். போன்லயும் இந்த ஆட்டம் ஓடுதுன்னு இந்தப் பொண்ணுதான் என்னிக்கோ சொன்னா. ஆடிப் பார்த்தேன். போதுமா?"

"தனியாவா? ரெண்டு கையாலயுமா?"

"இல்ல. ஒத்தக் கையால." டீச்சர் வெறும் இடது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினார். "மேல இந்த விரலுக்கு ஒரு பட்டன் இருக்குல்ல, குதிக்கறதை அதுக்கு மாத்தி வச்சேன். கட்டைவிரல்ல நடை, இதுல குதி."

கிரேன்காரரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்ப நான் எதுக்கு?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க? நீங்கதானே முடிவு பண்ணிட்டீங்க, இனி வர்றதில்லைன்னு." டீச்சரின் குரல் உயரவில்லை. துணியைக் கிழிக்கிற மாதிரி வந்தது. "உங்க பொண்ணு வெளிய பெஞ்சுல உக்காந்து என்கிட்ட சொன்னா. அவளுக்கு வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. நீங்க போய்ப் படுத்துக்குவீங்க. நான் அரை நாள் சுவத்தைப் பார்த்துட்டுக் கிடக்கணுமா? பழகிக்கிட்டேன்."

டெக்னீஷியன் கண்ட்ரோலரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பலகையைத் தாண்டினீங்களா?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"தாண்டினேன். அதுக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு இருக்கு, அதையும் தாண்டினேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நிம்மதியா இருந்துச்சு. யாரும் கத்தல."

சாவதைப் பற்றி யோசித்தபோதெல்லாம் தன் கட்டில் காலியாகக் கிடப்பது மாதிரிதான் கிரேன்காரருக்குத் தோன்றியிருந்தது. தன் வேலையை ஒரு விரல் எடுத்துக்கொள்ளும் என்று தோன்றியதே இல்லை.

"ஏம்மா, என்ன சிலை மாதிரி நிக்கற? அவங்க போன்லேர்ந்து அதை அழி. பெட்டியில சேர். குதிக்கறது என்கிட்டதான் இருக்கணும், அந்த மேல் பட்டன் வேலை செய்யக் கூடாது."

"அதெல்லாம் பெட்டியில பழையபடிதான் இருக்கு ஐயா," என்று சொல்லிக்கொண்டே அவள் டீச்சரின் பையிலிருந்து போனை எடுத்து இணைப்பை நீக்கினாள். கண்ட்ரோலரின் பட்டனை அழுத்திப் பிடித்ததும் விளக்கு வேகமாக மின்னியது. பெட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டது.

டீச்சர் ஏணிக்காரனைப் பலகைக்கு நேராக நடத்திக்கொண்டு போனார். கிரேன்காரர் குதிக்கவில்லை. ஏணிக்காரன் நேரே முதலை வாயில் விழுந்தான்.

"வேணும்னே பண்றீங்க."

"ஆமா. ஒத்தக் கையால தாண்டினவங்கதானே, தாண்டுங்க."

"மனுஷனா நீங்க?"

"நான் சொல்லாம நடந்தா விழத்தான் செய்வான். நில்லுன்னா நிக்கணும்."

மெஷின் நேரம் முடிந்து கூவும் வரைக்கும் இப்படியே போயிற்று. பலகையில் இரண்டு தடவை கால் வைத்தார்கள். ஒரு தடவைகூட அக்கரை சேரவில்லை. டெக்னீஷியன் ஊசியை உருவிப் பஞ்சு வைத்தாள். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கிரேன்காரர் சொன்னார்:

"இந்த ரெண்டு கண்ட்ரோலரும் இனி இந்த ரூம் வாசலைத் தாண்டக் கூடாது. அலமாரியில வச்சுப் பூட்டு."

"எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல ஐயா. யாரு பார்த்துக்கறது?"

"நான் பார்த்துக்கறேன். ஒவ்வொரு தடவையும் வந்ததும் எண்ணிப் பார்ப்பேன்."

"வந்தாத்தானே," என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

"வருவேன். என்னை விட்டுட்டு நீங்க மட்டும் அந்தப் பக்கம் போயிடலாம்னு பார்க்காதீங்க."

மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன வேடிக்கை?" என்றார் அவர். "செருப்பை எடுத்து இப்படிப் போடு. தலை சுத்துது."