பந்து வஹீபுக்கு ஒரு கைதட்டல்

திரிப்போலியை ஒட்டிய மீனா துறைமுகத்தில் இரண்டு வஹீப் ஸப்பாக் இருந்தார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள். தாத்தாவின் பெயரை யார் பிள்ளைக்கு வைப்பது என்று அப்பன்மார் இருவருக்கும் வாய்ச்சண்டை வந்து, விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இரண்டு பேருமே வைத்துத் தொலைத்தார்கள். ஊர் என்ன செய்யும்? ரொட்டிக் கடை போட்ட மூத்தவனை ரொட்டி வஹீப் என்றது, இளையவனைப் பந்து வஹீப் என்றது. இது பந்து வஹீபின் கதை.

சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த ஒரு ஆட்டம்தான் அவனைக் கெடுத்தது. கோல் போட்டவனை எல்லா ஊரிலும்தான் கொண்டாடுவார்கள். அன்றைக்கு மீனா ஜனம் பின்வரிசைக்காரன் ஒருவனின் பெயரைச் சொல்லிக் கத்தியது. கோல் கோட்டில் விழுந்து புரண்டு பந்தைத் தடுத்தவன் அவன். மைதானம் முழுக்க ஒரே குரல். அந்தச் சத்தம் பையனின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது தன் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஆசைப்பட்டபடியே பின்வரிசைக்காரன் ஆனான். பகலில் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை, மாலையில் பயிற்சி. துறைமுகக் கிளப்பின் முதல் அணியில் இடம் கிடைத்தபோது தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார் அவன் அப்பா. பாவி மனிதர், அந்த சீசனிலேயே மைதானத்தின் கதவை மூடுவார்கள் என்று கண்டாரா?

நாட்டில் அப்போது நிலைமை சரியில்லை. ரசிகர்கள் கூடினால் அடிதடியில் போய் முடியும் என்று, ஆளே இல்லாமல் ஆடச் சொல்லி உத்தரவு வந்தது. சரி, இந்த மாசம் திறப்பான், அடுத்த மாசம் திறப்பான் என்று பார்த்தால், வருஷக்கணக்காக இழுத்துவிட்டது. வஹீப் நன்றாக ஆடிய காலம் முழுக்க அதில் போயிற்று. எப்போதாவது டிவியில் காட்டினால்கூட ஒரே ஒரு கேமரா, அதுவும் தூரத்தில். முகம் யாருக்குத் தெரியும்?

அந்த மௌனத்தில் அவன் ஒரு புது வித்தை பழகினான். பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்கமாட்டான். பூட்ஸ் சத்தத்தை வைத்தே யார், எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடுவான். மிச்சத்துக்கு கோல்கீப்பர் நிக்கூலாவின் தொண்டை இருந்தது. "விடுறா!" என்றால் விடுவான், "அடிறா!" என்றால் அடிப்பான். நிக்கூலாவின் கெட்ட வார்த்தைகள் காலி இருக்கைகளில் மோதி இரண்டாம் தரம் கேட்கும். அந்தக் காலத்தில் இவர்கள் இருவரையும் தாண்டிப் பந்து போவது அபூர்வம். யார் பார்த்தார்கள்?

"ஒரு நாள் கதவத் தொறப்பான்டா, அப்போ பாரு" என்பான் வஹீப்.

"தொறக்கும்போது நீ தடியூன்றி வருவ, நான் பல்லு செட்டோட வருவேன்" என்பான் நிக்கூலா.

கடைசியில் திறந்தார்கள். வஹீபுக்குக் காதோரம் நரைத்திருந்தது. முதல் ஆட்டம் பெய்ரூத் அணியோடு. முதல் நாளே முடி வெட்டி, புது பூட்ஸ் வாங்கி, மனைவி ஹியாமைப் படுத்திய பாட்டில் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உன் பேரச் சொல்லிக் கத்தணும், அவ்வளவுதானே? சேறோட வீட்டுக்குள்ள நட, நானே கத்தறேன்" என்றாள்.

மைதானம் நிரம்பி வழிந்தது. அவன் உள்ளே ஓடியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சத்தம்தான் அவனைக் கவிழ்த்தது. பூட்ஸ் சத்தம் காதில் விழவில்லை. இரண்டாம் பாதியில் உயரமாக ஒரு பந்து வந்தது. நிக்கூலா வெளியே ஓடிவந்து "விடுறா, என் பந்து!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வஹீபுக்குக் கேட்கவில்லை. எம்பித் தலையால் முட்டினான். பந்து நிக்கூலாவைத் தாண்டிச் சொந்த கோலுக்குள் போய் விழுந்தது.

அப்போதுதான் ஜனம் அவன் பெயரைச் சொன்னது. "வஹீபே, எந்தப் பக்கம்டா ஆடற? போடா, போய் உன் அண்ணனோட ரொட்டி சுடு!" இன்னும் சொன்னதை எழுத முடியாது, அவன் அக்காவையும் இழுத்தார்கள். மறுவாரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதற்கடுத்து முட்டி போயிற்று. ஆட்டமும் போயிற்று.

பிறகு ஷேர் டாக்சி ஓட்டினான். ஏறுகிறவர்கள் பந்தாட்டம் பேசுவார்கள். அந்த கோலை எடுத்து யாராவது திட்டினால், "அவனா? ஒண்ணுக்கும் ஆகாதவன்" என்று இவனும் ஒத்து ஊதுவான். வேறு என்ன செய்ய? ரொட்டிக் கடையில் கதை நேர்மாறு. "பந்து ஆடினது நீங்கதானா?" என்று புது ஆள் யாராவது கேட்டால், அண்ணன் வெட்கமே இல்லாமல் தலையாட்டிவிட்டுக் கூட ஒரு ரொட்டி விற்றுவிடுவான். முகம் தெரியாத ஊர்தானே.

அந்த அண்ணன் ஒரு சனிக்கிழமை விடியலில் அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் 'வஹீப் ஸப்பாக் காலமானார்' என்று சொன்னார்கள். ரொட்டி, பந்து என்று பள்ளிவாசலில் பட்டப்பெயரா சொல்வார்கள்? பந்து வஹீப் போனை அணைத்துவிட்டு, குளிப்பாட்டுவதிலிருந்து மண் போடுவது வரை கூடவே நின்றான். குழந்தை மாதிரி அழுதான்.

துக்கம் கேட்கிறவர்கள் மாலையில்தான் வருவார்கள். இடையில் நிக்கூலா வந்து கையைப் பிடித்து இழுத்தான். "வாடா, இன்னைக்கு மேட்ச். உங்கண்ணன் ஒரு மேட்ச் விட்டிருக்கானா? அவனுக்காகப் போய் உட்காருவோம்." நெரிசலில் மேல்வரிசையில் இடம் கிடைத்தது.

ஆட்டக்காரர்கள் நடுவில் வட்டமாக நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஒரு இளைஞன் குரல். "இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்த வஹீப் ஸப்பாக் அவர்களுக்காக அனைவரும் எழுந்து நிற்கவும்."

வஹீபும் எழுந்தான். 'அண்ணனுக்கா! பரவாயில்லையே, கிளப்புக்கு இத்தனை காலம் ரொட்டி கொடுத்ததை நினைவு வைத்திருக்கிறார்களே' என்று கண் கலங்கியது.

"நம் கிளப்பின் பின்வரிசையைப் பல வருஷம் காத்து நின்றவர்..."

நிக்கூலா அவன் விலாவில் இடித்தான். "டேய், உன்னைத்தான்டா போட்டுத் தள்ளிட்டானுங்க!" சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான்.

மைதானமே மௌனமாக நின்றது. இந்த மௌனம் வஹீபுக்குப் பழக்கம்தான். ஆனால் இத்தனை பேரை வைத்துக்கொண்டு அவன் அதைக் கேட்டதில்லை. கைகளை ஏந்தி எல்லாரும் ஃபாத்திஹா ஓதினார்கள். இவனும் ஓதினான், அண்ணனுக்காக.

"கதவு மூடியிருந்த வருஷங்களில் ஆடியவர். நாம் யாரும் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு கைதட்டல்கூடக் கொடுக்கவில்லை" என்றது அந்தக் குரல்.

கீழ்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். முரசுக்காரன் சேர்ந்துகொண்டான். பிறகு மொத்த மைதானமும்.

"வஹீப்! வஹீப்! வஹீப்!"

பக்கத்தில் நின்ற தடித்த மனிதர், யாரென்றே தெரியாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வஹீபின் தோளில் கை போட்டார். "நல்ல ஆட்டக்காரன்யா. அந்த ஒரு கோலுக்காக நானும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். அல்லாஹ் என்னை மன்னிக்கணும். உனக்கு அவனத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்" என்றான் வஹீப். அண்ணனைப் புதைத்த மண் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. சந்தோஷப்படலாமா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் பட்டான், வெட்கமில்லாமல் பட்டான்.

நிக்கூலாவுக்குச் சிரிப்பு போய்ப் பதற்றம் வந்துவிட்டது. "ஐயோ, இது அநியாயம்டா. ஹியாம் காதுக்குப் போனா என்ன ஆகும்? சொல்லிடறேன்." இரண்டு கையையும் வாயருகே குவித்து, "யோவ், ஆள் இங்கதான்யா..." என்று ஆரம்பித்தான்.

வஹீப் எட்டி அவன் வாயைப் பொத்தினான்.

"இருடா, முடிக்கட்டும்."